கீய எறக்கிடு

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொல்லி வைத்தவர்களுக்கு எப்படியும் சொந்த வீடு இருந்திருக்கும். இல்லாவிட்டால் வாடகைக்கு வீடு தேடிப் பார் என்பதையும் சேர்த்துத்தான் சொல்லியிருப்பார்கள். ராயபுரத்தில் ஒரு மாடிப் போர்ஷன் கிடைப்பதற்குள் நானும் என் கணவரும் நுழையாத சந்து இல்லை. அவருக்குத் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் ஷிப்ட் வேலை. எனக்குப் பாரிமுனையில் ஒரு கஸ்டம்ஸ் ஏஜென்ட் ஆபீஸ். இரண்டுக்கும் நடுவில் இருக்கட்டும் என்றுதான் ராயபுரத்தைப் பிடித்துத் தொங்கினோம்.

புரோக்கர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை ஒரு பழைய தெருவுக்குக் கூட்டிப்போனார். தெரு முழுக்க ஒற்றை மாடி வீடுகள். சுண்ணாம்புச் சுவர், மரச்சட்டம் போட்ட பால்கனி, இடையிடையே ஆலஞ்செடி முளைத்த விரிசல். "வெள்ளக்காரன் காலத்து வூடு மேடம், இப்ப கட்றதெல்லாம் இது கால் தூசிக்கு ஆவாது" என்றார். அவர் வாழ்க்கையில் ஒரு நாளும் அந்த மாதிரி வீட்டில் குடியிருந்திருக்க மாட்டார் என்பது எனக்கு அப்போதே தெரிந்தது.

வீட்டுக்காரம்மா வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்கும் வயது. புருஷன் காசிமேட்டில் விசைப்படகு வைத்திருந்தவர், இறந்துவிட்டார். மகன் கப்பலில் வேலை பார்க்கிறான், வருஷத்துக்கு ஒரு தடவை வருவான். இதெல்லாம் புரோக்கர் வழியிலேயே சொல்லிவிட்டார். அந்தம்மா எழுந்திருக்கவில்லை. முதல் கேள்வியே, "சைவமா?"

"இல்லம்மா, எல்லாம் சாப்பிடுவோம்."

"அப்ப சரி. சைவக்காரங்களுக்கு வூடு குடுத்தா எனுக்குப் பேஜாரு. நா கருவாடு வறுத்தா மூக்கப் புடிச்சிகினு நிப்பாங்க. வூட்ல யார் யாரு கீறீங்க?"

"நாங்க ரெண்டு பேரு. ஊர்லேர்ந்து எங்கப்பா வந்து கூட இருப்பாங்க."

"பெரியவரா? படி ஏறுவாரா?"

"ஏறுவாங்க."

அந்தம்மா என்னைப் பார்க்கவில்லை, படிக்கட்டைப் பார்த்தார். "சரி, மேல போய்ப் பாத்துட்டு வாமே" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் தூத்துக்குடிப் பக்கம். எங்கள் ஊரில் முன்பின் தெரியாத பெண்ணை வா, போ என்றால் சண்டைக்கு இழுப்பதாக அர்த்தம். அதோடு 'மே' என்று ஒரு வாலையும் சேர்த்தால் சண்டை முற்றிவிட்டது என்று அர்த்தம். "இங்க எல்லாரும் அப்படித்தான் பேசுவாங்க, நீ பல்லக் கடிச்சுக்க" என்று கணவர் காதோரம் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டுதான் மேலே போனேன். வீடு நன்றாகவே இருந்தது. உயரமான கூரை, மூன்று ஜன்னல், தெருவைப் பார்த்த பால்கனி. எலி வளையானாலும் தனி வளை என்று இருந்துவிடலாம் என்றுதான் தோன்றியது.

படிக்கட்டுதான் ஒரு மாதிரி. இரண்டு சுவருக்கு நடுவே ஒரு ஆள் அகலத்துக்கு மரப்படி. ஏறும்போதே இரண்டு இடத்தில் திரும்பும். குடிவந்த அன்று எங்கள் பீரோ முதல் திருப்பத்திலேயே சிக்கிக்கொண்டது. கடைசியில் பால்கனிச் சட்டத்தைக் கழற்றிவிட்டு, ஹார்பர் வேலைக்குப் போகிற ஆட்களைக் கூப்பிட்டு, கயிறு கட்டி வெளிப்பக்கமாகத் தூக்கினார்கள். வீட்டுக்காரம்மா தெருவில் நின்று அத்தனை பேரையும் அதட்டி வேலை வாங்கினார். அன்று மத்தியானம் நாங்கள் பால் காய்ச்சிய பாத்திரத்தைக்கூடக் கழுவவில்லை, ஒரு தூக்கு நிறைய வஞ்சிரக் குழம்பு வந்தது. பால் காய்ச்சிய வீட்டுக்கு மீன் குழம்பு கொடுக்கிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. சாப்பிட்டோம், குழம்பு அருமையாக இருந்தது.

அப்பா அதற்கு இரண்டு மாதம் கழித்து வந்தார். அம்மா போன பிறகு ஊரில் தனியாக இருந்தவர். சின்னதாக ஒரு பலசரக்குக் கடை வைத்திருந்தார். காலையில் கடையைத் திறந்து உட்கார்ந்தால் தெருவில் போகிற வருகிற ஆளையெல்லாம் நிறுத்திப் பேசாமல் விடமாட்டார். இதயம் பலவீனமாகி, காலில் நீர் கோத்து, மூச்சு வாங்க ஆரம்பித்ததும் கடையை மூடச் சொல்லிக் கூட்டி வந்துவிட்டேன். ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து உட்கார்ந்து மேலே ஏறினார். ஏறி முடித்து, நாற்காலியில் சாய்ந்து, மூச்சு திரும்பிய பிறகு, "எம்மா, இது படி இல்ல கேட்டியா. ஏணி" என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அதற்குப் பிறகு அவர் தன் காலால் அந்தப் படியில் இறங்கவே இல்லை.

தெருப்பக்கத்து ஜன்னலை ஒட்டி அவருக்குக் கட்டில் போட்டோம். படுத்தால் எதிர்வீட்டு மொட்டைமாடிச் சுவரும் கேபிள் ஒயரும் தெரியும். எழுந்து உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டால் தெரு கொஞ்சம் தெரியும், ஆனால் அவரால் அதிக நேரம் உட்கார முடியாது. மணலி ரிஃபைனரிப் பக்கத்திலிருந்து காற்று அடிக்கிற நாட்களில் கேஸ் வாசனை வரும். அன்றைக்கெல்லாம் இருமல்தான். ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் இருமல். நானும் சாத்திச் சாத்தித் திறந்தேன்.

தெருமுனையில் ஒரு அண்ணாச்சி கடை. எங்கள் பக்கத்து ஆள்தான் வைத்திருக்கிறார் என்று நான் ஒரு நாள் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அப்பாவுக்கு அதே நினைப்பு. "எந்த ஊராம்? கேட்டியா?" "அரிசி மூட்டைய வெளியில அடுக்கிருக்கானா, உள்ளயா?" "ரெண்டு நிமிசம் கீழ போயி அவன் கடையில உக்காந்துட்டு வரட்டுமா எம்மா?"

"கால் வீக்கம் வடியட்டும்ப்பா" என்பேன்.

வீக்கம் வடியவில்லை. ஒரு நாள் காலை மூச்சே விட முடியாமல் உதடு நீலமாகிவிட்டது. கணவரும் ஒரு ஆட்டோக்காரருமாக அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துக் கீழே இறக்கினார்கள். இரண்டாவது திருப்பத்தில் முழங்கை சுவரில் உரசித் தோல் வழன்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஊசி போட்டு, நீரை இறக்கி, பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்ன விதத்திலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

இறக்கியதைவிட ஏற்றியதுதான் கொடுமை. முன்னால் ஒருவர் இழுக்க, பின்னால் ஒருவர் தள்ள, நாற்காலி திருப்பத்தில் மாட்டிக்கொண்டு நின்றது. அப்பா கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். வீட்டுக்காரம்மா படியடியில் நின்று, "ரைட்ல சாச்சிக்கோ, ரைட்ல, அய்ய, பெரியவரு கால் இடிக்குது பாரு" என்று கத்திக்கொண்டிருந்தார். மேலே போய்க் கட்டிலில் படுக்கவைத்ததும் அப்பா சொன்னது இதுதான்: "நான் தூக்காத மூட்டையா? இப்ப என்னைய மூட்டையாத் தூக்குதாங்க." முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் அடுப்பைப் பார்க்கிற சாக்கில் சமையலறைக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை தண்ணீர் பிடிக்கக் கீழே போனேன். குழாயடியில் வீட்டுக்காரம்மா நின்றார். சுற்றி வளைக்காமல் ஆரம்பித்தார்.

"இன்னாமே, பெரியவர கீய எறக்கிடு. இனிமேங்காட்டி மேல வெச்சிகினு இருக்காத. அவுருக்கும் பேஜாரு, உனுக்கும் பேஜாரு."

குடத்தைக் குழாயடியிலேயே வைத்துவிட்டு நிமிர்ந்தேன்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. உயிர் கட்டிலில் போகக்கூடாது. இனி பிழைக்க மாட்டார்கள் என்று தெரிந்தால் கட்டிலிலிருந்து தூக்கித் தரையில், பாயில் படுக்கவைத்துவிடுவார்கள். கீழே இறக்கியாச்சு என்றால் அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அம்மாவுக்கு முடியாமல் இருந்தபோது ஊரிலிருந்து சித்தப்பா போன் செய்தார். "அம்மாவக் கீழ இறக்கியாச்சு. கிளம்பி வா." அவ்வளவுதான் பேசினார். நான் பஸ்ஸில் இரவு முழுக்க அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதே வார்த்தையை இப்போது ஒரு வீட்டுக்காரி குழாயடியில் வைத்து, இட்லி மாவு அரைத்தாச்சா என்று கேட்கிற குரலில் என்னிடம் சொல்கிறாள்.

"எங்கப்பா இன்னும் சாகல" என்றேன். குரல் எனக்கே பயமாக இருந்தது. "உங்க வீட்டுல சாவு விழுந்துரும்னு பயமா இருக்காக்கும்? வாடகை குடுத்துத்தான இருக்கோம், ஓசியிலயா இருக்கோம்?"

"அய்ய! நா இன்னா சொல்ட்டேன்னு இப்டிக் கத்துற?"

"நீங்க சொன்னதே போதும். எங்கப்பாவ எப்பக் கீழ இறக்கணும்னு எங்களுக்குத் தெரியும். நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

அந்தம்மாவின் முகம் இறுகிவிட்டது. அவருக்கும் கோபத்துக்குப் பஞ்சமில்லை. "தெரிஞ்சா சர்தான். நல்லதுக்குச் சொன்னா நாய் மாரி வுயறியே. போமே" என்று பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். அதோடு பேச்சு நின்றது.

மேலே போனால் அப்பா விழித்துக்கொண்டிருந்தார். "கீழ என்ன எம்மா சத்தம்?"

"தண்ணிச் சண்டை."

"ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. இருக்கது அடுத்தவங்க வீடு, வாய அடக்கிப் பழகு." கொஞ்ச நேரம் கழித்து, "அந்தம்மா நல்ல மனுசியாத்தான தெரியுது" என்றார்.

"உங்களுக்கு என்னப்பா தெரியும்? படுத்துக் கிடக்கீங்க" என்று சள்ளென்று விழுந்தேன்.

அன்றைக்கே கணவரிடம் சொல்லிவிட்டேன், வேறு வீடு பார்க்க வேண்டும், அப்பாவைச் சாகச் சொல்கிற வீட்டில் இருக்க முடியாது என்று. "அந்தம்மா அப்படியா சொல்லிருப்பாங்க? நான் ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கவா?" என்றார் அவர். "நீங்க ஒண்ணும் கேக்க வேண்டாம். நான் என்ன, காது கேக்காதவளா?" என்றேன். பாவம், ஷிப்ட் முடிந்து வந்த களைப்பில் இருந்தார். சரி என்றுவிட்டார்.

மறுபடியும் வீட்டு வேட்டை. முதல் தடவை எங்களைச் சைவமா என்று கேட்டார்கள். இந்தத் தடவை எல்லோரும் அப்பாவைக் கேட்டார்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு கீழ்ப் போர்ஷன், காற்றோட்டமான வீடு. முன்பணம் பேசுகிற வரை வந்துவிட்டு, "பெரியவரு நடப்பாருல்ல?" என்றார் வீட்டுக்காரர். நடக்க மாட்டார் என்றேன். "எத்தினி நாளாப் படுக்கையில கீறாரு?" என்றார். சாவியைத் திரும்ப இடுப்பில் சொருகிக்கொண்டார். தண்டையார்பேட்டையில் லிப்ட் வைத்த ஒரு புது பிளாட். அந்த வீட்டுக்காரர் படித்தவர், பக்குவமாகப் பேசினார். "தப்பா எடுத்துக்காதீங்க. அப்பாவைக் கொஞ்ச நாள் வேற எங்கயாவது வெச்சுப் பாத்துட்டு, எல்லாம் முடிஞ்சதும் நீங்க தாராளமா வாங்க." எல்லாம் முடிந்ததுமாம். காபி வேறு கொடுத்தார். குடித்துத் தொலைத்தேன்.

"நோயாளின்னு ஏன் மேடம் வாயத் தொறக்கறீங்க? மொதல்ல சாமான எறக்கிட்டு, அப்பால பெரியவர இட்டாந்துக்கலாம்" என்றார் புரோக்கர். எனக்கு மனசு ஒப்பவில்லை. திருட்டுச் சாமானை உள்ளே கொண்டுபோவதுபோல அப்பாவை ஒரு வீட்டுக்குள் கொண்டுபோவதா? ஆபீஸ் முடிந்து வீடு பார்த்துவிட்டுத் திரும்பும்போது, இந்த ஊரில் பெற்ற தகப்பனைப் படுக்கவைக்க ஓர் அறை இல்லையா என்று நடுத்தெருவில் உட்கார்ந்து ஒப்பாரி வைக்கலாம்போல இருக்கும்.

"எதுக்கு எம்மா அலையுத? இங்கனயே இருப்பமே" என்றார் அப்பா ஒரு நாள்.

"இங்க இருக்க முடியாதுப்பா" என்றேன்.

இதற்கு நடுவில் கீழே வேறொரு கூத்து நடந்தது. வீட்டுக்காரம்மா வாசலை ஒட்டிய முன் அறையை எப்போதும் பூட்டியே வைத்திருப்பார். அவர் புருஷனின் பழைய வலை, ஐஸ்பெட்டி, துருப்பிடித்த எஞ்சின் சாமான் எல்லாம் அதற்குள் கிடந்தன. ஒரு நாள் நான் வேலையிலிருந்து வரும்போது அத்தனையும் தெருவில் கிடந்தது. காயலான் கடைக்காரர் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். மறுநாள் சுண்ணாம்பு அடித்தார்கள். பிறகு எலக்ட்ரீஷியன் வந்தார். "பாத்தீங்களா, புது ஆளு வைக்கப் போறா. அந்த ரூம விட்டதும் அடுத்தது நம்ம மாடிதான்" என்று கணவரிடம் சொன்னேன். அன்று நான் படியேறும்போது அந்தம்மா யாரையும் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொல்வதுபோல, "ஃபேனும் மாட்டியாச்சு. இன்னும் இன்னா வோணுமாம்?" என்றார். குத்திக்காட்டுகிறாள் என்று நினைத்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனார். இட்லியைப் பாலில் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாவது வாய் வாங்கவில்லை. மூச்சு இழுக்க ஆரம்பித்தது. கணவர் பக்கத்தில் வந்து நின்றார். அவரும் எங்கள் பக்கத்துக்காரர்தான், வழக்கம் தெரிந்தவர். மெதுவாக, "கீழ இறக்கிருவோமா?" என்றார்.

"தொடாதீங்க!" என்று கத்தினேன். தெருவே கேட்டிருக்கும். அந்த வார்த்தை அப்பாவின் மேல் படவே கூடாது என்ற வெறி எனக்கு. அதனால் அவர் கட்டிலிலேயே போனார்.

தகவல் சொன்னதும் உடலை வைக்கிற ஐஸ்பெட்டி வந்தது. கொண்டு வந்த ஆட்கள் படிக்கட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "இது ஏறாது சார்" என்றார்கள். கூட்டத்தில் ஒருவர், அவர் பீரோ தூக்கிய அன்று இருந்தவர், பால்கனியைக் காட்டி, அன்னைக்கு மாதிரிக் கயிறு கட்டி இறக்கிடலாமே என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் யாரிடமும் குரல் உயர்த்தாத என் கணவர் அந்த ஆளின் சட்டையைப் பிடித்துவிட்டார். நான் அப்பாவின் காலடியில் உட்கார்ந்து, இந்த வீட்டுக்கு நம்மால்தானே வந்தார், நம்மால்தானே வந்தார் என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது வீட்டுக்காரம்மா ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து வந்தார். விஷயம் தெரிந்ததும் தலையில் போட்ட முக்காட்டோடு அப்படியே படியேறினார். முழங்கால் வலிக்காரர், நாங்கள் குடிவந்த பிறகு ஒரு நாளும் மேலே ஏறாதவர். அப்பாவின் காலைத் தொட்டுப் பார்த்தார்.

"சேர் எட்தாங்க. லேட் பண்ணா அப்பால கால் மடங்காது. எம் புருசனயும் இதே படியில அப்டித்தான் எறக்கனோம்."

அவரே அப்பாவை நாற்காலியில் உட்காரவைக்கச் சொல்லி, நெஞ்சோடு சேர்த்து ஒரு பழைய புடவையால் கட்டினார். தலை தொங்காமல் இருக்கத் துண்டு கொடுத்தார். ஆட்கள் தூக்கினார்கள். அந்தம்மா அப்பாவின் இரண்டு பாதத்தையும் கையில் பிடித்துக்கொண்டு, தான் பின்பக்கமாக ஒவ்வொரு படியாக இறங்கினார். திருப்பம் வந்தபோது, "பாத்து நைனா, பாத்து. கால எட்துக்கோ. ஆச்சு நைனா, இன்னும் கொஞ்சந்தான்" என்றார். உயிரோடு இருப்பவரிடம் பேசுவதுபோலவே பேசினார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னால் இறங்கினேன். இவள் ஏன் இப்படிச் செய்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

சுண்ணாம்பு அடித்த அந்த முன் அறையில்தான் அப்பாவைக் கிடத்தினோம். கதவைத் திறந்தால் நேரே தெரு. ஆட்டோக்கள் வேகத்தைக் குறைத்துக்கொண்டு போயின. மீன்கூடைப் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு எட்டிப் பார்த்துப் போனார்கள். அண்ணாச்சி கடைக்காரர் மாலையோடு வந்தார். நாங்கள் பேசுகிற பேச்சைக் கேட்டதும் எந்த ஊர் என்று விசாரித்தார். சொன்னேன். "அடடா, எங்க ஊருக்குப் பக்கத்துலல்லா. இவ்வளவு நாளும் இங்கனயா இருந்தாங்க? எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள், வீட்டைக் காலி செய்கிறோம் என்று சொல்லக் கீழே போனேன். அந்தம்மா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"காலியா? இன்னாத்துக்கு?" என்றார்.

"நீங்கதான அன்னைக்குச் சொன்னீங்க."

"நா எப்பமே காலி பண்ணச் சொன்னேன்?"

"அப்பாவக் கீழ இறக்கிடுன்னு சொல்லலையா?"

"ஆமா, சொன்னேன். மேல வெச்சிகினு அந்தப் படியில ஏத்தி எறக்கிகினு இருக்காத, கீய இந்த ரூமுக்கு எறக்கிடுன்னு சொன்னேன். அதுக்குத்தான வலையெல்லாம் தூக்கி காயலான் கடைக்குப் போட்டேன்? ஃபேன் மாட்டனேன்? நீ இன்னான்னு நென்ச்ச?"

நான் நினைத்ததைச் சொன்னேன். எங்கள் ஊரில் கீழே இறக்குவது என்றால் என்ன, என் அம்மா இறந்தபோது எப்படித் தகவல் வந்தது, எல்லாம் சொன்னேன். கேட்கக் கேட்க அந்தம்மா கீரையைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். "ஏசுவே! எங்களுக்கு அதெல்லாம் தெரியாதுமே. அத்த நீ அப்பவே கேக்கக் கூடாதா?"

"நீங்க ரூமுன்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கக் கூடாதா?"

"நீ எங்க சொல்லவுட்ட? பாம்பு கடிச்சா மாரி குதிச்ச." உண்மைதான். தெருவில் தண்ணி லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

அந்தம்மா கீரையை மறுபடி கையில் எடுத்தார். "நானா ஒண்ணியும் சொல்லல. பெரியவருதான் கேட்டாரு."

"அப்பாவா?"

"நீ ஆபீசு போய்ட்டன்னா டம்ளரால ஜன்னல் கம்பியத் தட்டிக் கூப்புடுவாரு. நா கீய இருந்து கத்துவேன், அவுரு மேல இருந்து கத்துவாரு. அவுரு பேசறது எனுக்குப் பாதி புரியாது, நா பேசறது அவுருக்குப் பாதி புரியாது. ஆனா நல்லாத்தான் பேசிகினு இருந்தோம். கீய ஒரு எடம் இருந்தாக் குடும்மா, ரோட்டப் பாத்துகினு கெடப்பேன்னாரு. உன்னாண்ட சொல்லவாண்டாம்னாரு. எம் மவ கஸ்டப்பட்டு வூடு புட்ச்சிருக்கு, எனுக்குப் புடிக்கலன்னு நென்ச்சுக்கும், நீயே சொல்றா மாரி சொல்லிடுன்னாரு. அதான் நானே சொல்றா மாரி சொன்னேன்."

அவர் பக்கத்தில், தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒன்றே ஒன்றுதான் கேட்கத் தோன்றியது.

"நாம சண்டை போட்டதுக்குப் பிறகு?"

"அப்பாலயும் கூப்புட்டாரு. ரூமு ரெடியா கீது, ஃபேனும் மாட்டியாச்சு, வா நைனான்னு சொன்னேன். எம் மவ கோவம் அடங்கட்டும், வரேன்னாரு. டெய்லி அதான் சொல்லுவாரு."

என் கோபம் அடங்கட்டும் என்றுதான் அப்பா மேலே காத்துக்கொண்டு படுத்திருந்தார். அவர் இருந்தவரைக்கும் அது அடங்கவே இல்லை.